எது, எங்கிருந்து வந்தது? – சோப்புக்குள் ஒரு மலை

கேள்வி: கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு ஒரு சோப்பு கொடுத்தார்கள். நீல மலைகள், மேலே ஒரு நிலா. இரண்டு குளியலில் படம் அழிந்துவிடும் என்று நினைத்தேன். பத்து நாளாகியும் நிலா அப்படியே இருக்கிறதே, எப்படி? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: அது மேலே வரைந்த படமில்லை, அடுக்கிய படம். வாழைத்தண்டை எங்கே நறுக்கினாலும் வட்டத்துக்குள் வட்டம் தெரிகிறதல்லவா? அதே சங்கதிதான்.

நீளமான அச்சுப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அடியில் கருநீலச் சோப்புக் குழம்பை ஊற்றி, அது இறுகி வரும்போது மலைவடிவில் வெட்டிய அட்டையால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராக இழுக்கிறார்கள். அது முன்மலை. டீ வடிகட்டியில் கரித்தூளை எடுத்துச் சன்னமாகத் தூவினால் மலை விளிம்புக்குக் கோடு கிடைக்கும். அதற்கு மேல் வெளிர்நீலம் ஒரு அடுக்கு, இன்னும் வெளிறியது ஒரு அடுக்கு. ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், தூரத்து மலை வெளுத்துத்தான் தெரியும். நிலாவுக்கு, முன்பே வார்த்து வைத்த வெள்ளைச் சோப்பு உருளையை வானத்தில் படுக்கவைப்பார்கள். இறுகியபின் குறுக்கே துண்டு போட்டால் துண்டுக்கொரு மலை, துண்டுக்கொரு நிலா.

வித்தை முழுவதும் பதத்தில் இருக்கிறது. எண்ணெயையும் காரநீரையும் சேர்த்துக் கடையும்போது, கரண்டியிலிருந்து விழும் சொட்டு உடனே அமிழாமல் மேலே கோடாக நிற்கும் நேரம் ஒன்று வரும். பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதைப் போல இதைப் பார்க்க வேண்டும். மலைக்குக் கெட்டிப் பதம், வானத்துக்கு மோர்ப் பதம். முந்தி ஊற்றினால் வானம் மலையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். பிந்தினால் ஒட்டாது, வெட்டும்போது வானம் தனி, மலை தனி.

கேள்வி: இந்த யோசனை முதலில் எந்த ஊரில் வந்தது? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: சோப்புக்கு வருவதற்கு முன்பே கண்ணாடிக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் எகிப்தின் கண்ணாடிக் கொல்லர்கள் பல நிறக் கண்ணாடிக் குச்சிகளைக் கட்டாக அடுக்கி, உருக்கி இழுத்து, மனித முகம் தெரியும்படி சில்லுகளாக வெட்டினார்கள். அதில் ஒரு சாமர்த்தியமும் செய்தார்கள். பாதி முகம் மட்டும் அடுக்குவது, இரண்டு சில்லு வெட்டி ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒட்டுவது. முழு முகம் வந்துவிடும்!

ஜப்பானில் ‘கிந்தாரோ அமே’ என்றொரு மிட்டாய். கிந்தாரோ அந்நாட்டுக் கதைகளில் வரும் பலசாலிச் சிறுவன். மிட்டாய்க் கம்பியை எங்கே உடைத்தாலும் அவன் முகம் சிரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், காது கேளாத ஆண்ட்ரூ கிளெமன்ஸ் (1857–1894) என்பவர் பசை தொடாமல், வண்ண மணலை மட்டும் கண்ணாடிக் குப்பிக்குள் அடுக்கிக் கப்பலும் கொடியும் செய்தார். 1970-களில் மேல்நாடுகளில் வீட்டுச் சோப்பு மறுபடி மோஸ்தருக்கு வந்தது. பிறகு வந்த சோப்புக்காரர்கள் இந்தப் பழைய குடும்பத்தில் புதிய மருமக்கள்.

கேள்வி: ரோமில் சாப்போ என்ற மலையில் பலியிட்ட ஆடுகளின் கொழுப்பும் சாம்பலும் மழையில் கலந்துதான் சோப்பு பிறந்ததாமே? (ஒரு மாணவர், திருச்சி)

பதில்: சோப்புக்குள் மலை உண்டு, மலைக்குள்ளிருந்து சோப்பு வரவில்லை. அப்படியொரு மலையைப் பழைய ரோமானியர் யாரும் குறிப்பிடவில்லை. பிளினி என்ற ரோமானிய அறிஞர் முதலாம் நூற்றாண்டில் எழுதியது வேறு: கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டார் கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்து ‘சாப்போ’ செய்கிறார்கள், தலைமுடியைச் சிவப்பாக்குவதற்கு. ஜெர்மானியரில் பெண்களைவிட ஆண்களே அதை அதிகம் பூசினார்களாம்!

விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாஷ். அதில் செய்த சோப்பு களிபோல் குழையும், அடுக்க முடியாது. கட்டியாக நிற்க சோடா வேண்டும். அதற்காக ஐரோப்பியர் கடலோர உவர்ச்செடிகளை எரித்துச் சாம்பல் எடுத்தார்கள். சாதாரண உப்பிலிருந்தே சோடா செய்யும் வழியைக் கண்டு 1791-இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சின் நிக்கோலா லெப்லான். பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய ஆலை பறிபோனது. 1806-இல் வறுமையில் தற்கொலை செய்துகொண்டார். கட்டிச் சோப்பு எல்லா வீட்டுக்கும் மலிவாக வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இலங்கைத் தமிழர் இன்றும் சோப்பைச் ‘சவர்க்காரம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லிலேயே காரம் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: அந்திவானத்துக்குப் பீட்ரூட் சாறும் மஞ்சளும் கலந்தேன். ஒன்று பழுப்பானது, ஒன்று சிவந்துவிட்டது. என் தவறு என்ன? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: காரத்தை மறந்ததுதான். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே வேலையை உங்கள் சோப்பும் செய்தது. பீட்ரூட் நிறம் காரத்தில் செத்துவிடும். காரத்தைத் தாங்குபவை பெரும்பாலும் மண்ணின் பிள்ளைகள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி, அதாவது இரும்பு ஆக்சைடு. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கிற இல்மனைட்தான் இதற்கு ஒரு மூலத்தாது. கருப்பு மணலுக்குள் வெள்ளை நிலா!

நீலத்துக்கு அல்ட்ராமரின். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து நீல நிறக் கல் ஒன்றை இடித்துத்தான் அதை எடுக்க வேண்டும். 1820-களில் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கற்றார்கள். விலை சரிந்தது, வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலப்பொடியாகவே ஆகிவிட்டது. ஆனால் சோப்புக்கு, அழகுப் பொருள்களுக்கென்று சுத்தம் செய்து விற்பதையே வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் செய்யலாமா? (பலர்)

பதில்: செய்யலாம், கைக்கணக்கு மட்டும் கூடாது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை, ஆலிவ் எண்ணெய்க்கு 135 கிராம் போதும். இதிலும் ஐந்து சதம் குறைத்தே போடுவார்கள், தோலைக் காரம் கடிக்காமலிருக்க. தராசு, கையுறை, கண்காப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும், அதைத் தொடாதீர்கள். வெட்டியபின் நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில், கடையில் விற்கும் கிளிசரின் சோப்புக் கட்டியை உருக்கி அடுக்குவதே நல்லது.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைத் தேய்த்துக் கரைக்க மனம் வருமா? (மறுபடியும் ஈரோட்டு வாசகி)

பதில்: உங்களுக்கு வந்ததால்தான் பத்து நாளாக நிலா அழியவில்லை என்று கண்டுபிடித்தீர்கள். அலமாரியில் வைத்திருந்தால், அது மேலே வரைந்த படம் என்றே கடைசி வரை நினைத்திருப்பீர்கள்.