ஒரே மாதிரி வலை, ஒரே குடும்பமா?

நம்பிக்கை: சக்கர வலை பின்னும் சிலந்திகள் எல்லாம் நெருங்கிய சொந்தம், வலை கட்டாதவை வேறு வம்சம்.

வேலியோரப் புதரில் வெள்ளை நெளிகோடுகளோடு கால்களைப் பொருத்தி எக்ஸ் போலத் தொங்குமே, அது ஆர்ஜியோப். வெப்பமண்டல நாடுகளில் கட்டடங்களுக்குள் மூலை பார்த்துப் படுக்கைவாட்டில் வலை கட்டுவது சோசிஸ் ஜெனிகுலாட்டா. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை நியாயமாகவே படும். நடுவிலிருந்து கிளம்பும் ஆரங்கள், அவற்றின் மேல் சுற்றிச் சுற்றி வரும் நூல். அந்தச் சுற்று நூலுக்குப் பூதக்கண்ணாடி வைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். ஆர்ஜியோப்பின் நூலில் பாசிமணி கோத்ததுபோல வரிசையாகப் பசைத் துளிகள். சோசிஸின் நூலில் ஈரமே கிடையாது. வயிற்றடியில் உள்ள சல்லடைத் தகட்டிலிருந்து வரும் மிக நுண்ணிய இழைகளை, பின்னங்காலின் மயிர்ச் சீப்பால் வாரி வாரி இழுத்துப் பஞ்சுபோல உப்ப வைக்கிறது. பூச்சியின் காலைப் பிடிப்பது அந்த இழைகளின் நெருக்கம்தான். சோசிஸ் சேர்ந்த யுலோபோரிடே குடும்பத்துக்கு விஷச் சுரப்பியும் இல்லை. இரையை நூலால் இறுக்கிச் சுற்றியே அடக்கியாக வேண்டும்.

சல்லடைத் தகடு உள்ளவை ஒரு பிரிவு, இல்லாதவை ஒரு பிரிவு என்றுதான் பழைய வகைப்பாடு இருந்தது. 1967இல் ஃபின்லாந்தின் பெக்கா லெஹ்டினென் அதை உடைத்தார். தகடு மூதாதையரின் சொத்து, பல கிளைகள் தனித்தனியே அதைத் தொலைத்தன, ஆகவே அது இல்லாததை வைத்துச் சொந்தம் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். 1980களில், வலை கட்டும் முறையில் உள்ள ஒற்றுமையைக் காட்டி, பசைக்காரர்களையும் பஞ்சுக்காரர்களையும் ஒரே கிளையில் சேர்த்தார்கள். 2014இல் ஜேசன் பாண்ட் குழுவும் ரோசா ஃபெர்னாண்டஸ் குழுவும் ஏராளமான மரபணுக்களை ஒப்பிட்டு, தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. யுலோபோரிடேக்கு ஆர்ஜியோப் தூரத்து உறவுதான். சுவரில் தாவித் தாவி ஈ பிடிக்கிறதே, வலை பின்னாத அந்தத் தாவுசிலந்திதான் கிட்டத்துச் சொந்தம்.

மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, எதை நம்புவது என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் சறுக்கியது ஒரே இடத்தில்தான்: கண்ணில் படும் ஒற்றை அடையாளத்தை நம்பிச் சொந்தம் சொன்னது. இன்னொரு கேள்வி கனமானது. இவ்வளவு நுட்பமான வேலைப்பாடு இரண்டு முறை தனித்தனியே உருவாகியிருக்குமா? உருவாகாமலே இருந்திருக்கலாம். மிகப் பழைய மூதாதை ஒன்று சக்கர வலை பின்னியது, பின்வந்தவற்றில் பல அதைக் கைவிட்டன என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அந்த வழக்கு தீரவில்லை. எப்படித் தீர்ந்தாலும் மேலே சொன்ன நம்பிக்கை பிழைக்காது. கொள்ளுத்தாத்தாவின் தறியை இரண்டு தூரத்துப் பங்காளிகள் விடாமல் ஓட்டுகிறார்கள் என்பதற்காக, தறியை விட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போன கூடப்பிறந்தவன் அந்நியனாகிவிடுவானா?

அப்படியானால் உடலமைப்பைப் பார்ப்பதே வீணா என்றால், அதுவும் தவறு. இதுவரை பெயர் பெற்ற சிலந்தி இனங்கள் 50,000க்கு மேல், எல்லாவற்றின் மரபணுவும் யார் கையிலும் இல்லை. தாவுசிலந்தியும் ஓநாய்ச் சிலந்தியும் சேர்ந்த பெருங்கிளையை அடையாளம் காட்டியதே, ஆணின் வாயருகே உள்ள குட்டிக் கால் போன்ற உறுப்பில் துருத்தும் ஒரு சிறு முனைதான். புது இனமா என்று பார்க்க இன்றும் சிலந்தியை ஆல்கஹாலில் போட்டு, நுண்ணோக்கியின் கீழ் அந்த உறுப்பையும், பெண் என்றால் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்கத் தகட்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.