இயந்திரத்தைப் பார்க்குமுன் விற்பவரைப் பாருங்கள்

மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், ஏரில் பூட்டி நடத்தியும் பார்க்கிறார். பவர் டில்லர் வாங்கும்போதோ விலையை மட்டும் கேட்டு முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. இயந்திரத்துக்குச் சுழி கிடையாது. அதை விற்பவரிடம்தான் நல்ல சுழி, கெட்ட சுழி பார்க்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீரைக் கொண்டு கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பருவங்களில் நெல் பயிராகிறது. கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் குறைவு. அந்த நாட்களில் இயந்திரம் வயலில் நின்றுவிட்டால் நாற்று முற்றிவிடும், நடவு பிந்தும், மகசூல் குறையும். வங்கித் தவணை மட்டும் பிந்துவதில்லை.

சிறு சிறு வயல்கள் நிறைந்த இப்பகுதிக்குப் பவர் டில்லர் ஏற்றது. பெங்களூரில் 1967-ல் தோன்றிய வி.எஸ்.டி., கேரள அரசு 1973-ல் தொடங்கிய காம்கோ ஆகிய நிறுவனங்கள் ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் பவர் டில்லர்களைத் தயாரித்தன. எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும், அது உழைப்பதும் துருப்பிடிப்பதும் விற்பவரின் தரத்தையும் பொறுத்தது. நல்ல விற்பனையாளரின் இலக்கணங்கள் வருமாறு:

1. முதலில் கேள்வி கேட்பார்

நிலம் எத்தனை சென்ட், மண் களியா செம்மண்ணா, சேறு எவ்வளவு ஆழம், வயலுக்கு வண்டிப் பாதை உண்டா என்று விசாரித்த பிறகே விலைப்பட்டியலை எடுப்பார். மட்டி வாழைத் தோட்டத்தில் களையெடுக்க மட்டும் தேவை என்றால், எடை மிகுந்த பவர் டில்லரைத் தலையில் கட்டாமல் சிறிய களையெடுப்பானைக் காட்டுவார்.

2. கணக்கை மறைக்க மாட்டார்

பவர் டில்லரால் ஓர் ஏக்கரை ஒருமுறை உழச் சுமார் 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தொழி அடிக்க இருமுறை உழுதால் ஏறத்தாழ 10 மணி. இரண்டு ஏக்கர் நிலத்தில் இரண்டு பூவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 40 மணி நேர வேலைதான் இருக்கும். தேய்மானமும் வட்டியும் ஆண்டுக்கு ரூ.30,000 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ரூ.750 ஆகிறது. டீசலும் ஆள் கூலியும் தனி. அதே இயந்திரம் அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் சென்று 300 மணி ஓடினால், இச்செலவு மணிக்கு ரூ.100 ஆகக் குறைந்துவிடும். வாடகைக்கு ஓட்ட வழியில்லாதவரிடம், "உங்களுக்கு இது கட்டாது, வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுங்கள்" என்று சொல்லத் துணிபவரே நல்ல விற்பனையாளர். அன்று ஒரு விற்பனை போகலாம். ஊரின் நம்பிக்கை அவருக்குக் கிடைக்கும்.

3. வயலில் ஓட்டிக் காட்டுவார்; ஓட்டவும் கற்றுத் தருவார்

கடை வாசலில் என்ஜினைச் சுழற்றிக் காட்டுவது போதாது. வாங்குபவரின் சேற்றிலேயே இரும்புச் சக்கரம் பூட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். முக்கியமான அபாயம் ஒன்று உண்டு. பவர் டில்லரில் சமதளத்தில் இடது கைப்பிடிக் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் இறக்கத்தில் இயக்கம் விடுபட்ட இடது சக்கரம் வேகமாக உருளும். வலது சக்கரத்தை என்ஜின் பிடித்து நிறுத்தும். எனவே வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். கால்வாய்க் கரையிலிருந்து வயலில் இறங்கும்போது இதை அறியாதவர் உயிருக்கே ஆபத்து நேரலாம். இதைச் செய்து காட்டாமல் சாவியைக் கொடுப்பவரிடம் வாங்காதிருப்பதே நலம்.

4. உடன் தேவைப்படுவதையும் சொல்வார்

நடவு இயந்திரம் விற்பவர், அதற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும், நாற்று 14 முதல் 18 நாள் வயதில் இருக்க வேண்டும், வயல் சீராகச் சமப்பட்டு சேறு படிந்திருக்க வேண்டும் என்பதை விற்குமுன்பே சொல்ல வேண்டும். வழக்கமான நாற்றங்காலில் பறித்த நாற்று அந்த இயந்திரத்துக்கு உதவாது.

5. மானியத்தைத் தூண்டில் ஆக்க மாட்டார்

2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. "பாதி விலைதானே" என்று அவசரப்படுத்துபவரிடம் எச்சரிக்கை தேவை. நடப்பு விதிகளைத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்து, அனுமதி பெற்ற பின்னரே வாங்குவது பாதுகாப்பானது. மத்தியப் பிரதேசம் புத்னி, ஆந்திராவின் கார்லதின்னே போன்ற இடங்களிலுள்ள அரசுப் பரிசோதனை நிலையங்களின் அறிக்கை உண்டா என்றும் கேட்கலாம்.

6. விற்ற பிறகும் வருவார்

புது என்ஜினுக்கு முதல் எண்ணெய் மாற்றத்தைச் சீக்கிரமே செய்ய வேண்டும். அதை நினைவூட்டி மெக்கானிக்கை அனுப்புவது விற்பவர் கடமை. சுழல் கலப்பையின் கத்தி, பெல்ட், வடிகட்டி ஆகியவை நாகர்கோவிலிலேயே கிடைக்கின்றனவா, உழவுக் காலத்தில் அழைத்தால் எத்தனை நாளில் ஆள் வரும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

விசாரிக்க எளிய வழி

கடையில் வாங்கி இரண்டு ஆண்டு ஆன மூன்று விவசாயிகளின் ஊரைக் கேளுங்கள். விவரம் தரத் தயங்காதவர் நல்லவர். அந்த வயல்களுக்குப் போய், இயந்திரம் ஓடுகிறதா, தொழுவத்தில் கிடக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

இத்தொழிலுக்கு வர விரும்பும் கிராம இளைஞர்களுக்கும் இதுவே பாடம். பேச்சுத் திறமையால் முதல் இயந்திரத்தை விற்றுவிடலாம். இரண்டாவது இயந்திரத்தை விற்றுத் தருபவர், முதலாவதை வாங்கிய விவசாயியே.