நொறுக்குத் தீனியின் பின்பக்கத்தைப் படிப்போம்



என் படிவம் 4 வகுப்பில் ஒரு நாள், சுற்றுச்சூழலுக்கு உகந்த நொறுக்குத் தீனி எது என்று விவாதித்தோம். ஒரு மாணவி எழுந்து, "செம்பனை எண்ணெய் போட்ட எதையும் நாம் வாங்கக் கூடாது டீச்சர். காடு அழிகிறது, ஓராங் ஊத்தான் சாகிறது" என்றாள். வகுப்பே கைதட்டியது. பின்வரிசையில் ஒரு மாணவன் மட்டும் தலை குனிந்திருந்தான். மணி அடித்த பிறகு என்னிடம் வந்து, "எங்கப்பா செம்பனைத் தோட்டத்துலதான் வேலை செய்றாரு டீச்சர். அது தப்பான வேலையா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த வாரப் பாடம் அந்த மாணவனுக்கும் அந்த மாணவிக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் மூலப்பொருள் பட்டியல்

சிற்றுண்டிச்சாலையில் வாங்கிய ஒரு சிப்ஸ் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். மூலப்பொருள்கள் எடை மிகுந்ததில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். உருளைக்கிழங்கு அல்லது மாவுக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் 'மின்யாக் கெலாப்பா சாவிட்', அதாவது செம்பனை எண்ணெய் இருக்கும். எண்ணெயில் பொரித்த பல சிப்ஸ் வகைகளில் 100 கிராமுக்கு 30 கிராம் அல்லது அதற்கும் மேல் கொழுப்பு உண்டு. ஆகவே, நீங்கள் சிப்ஸ் வாங்கும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் வாங்குகிறீர்கள்.

செம்பனையை ஒதுக்கினால் போதுமா?

மாணவி சொன்னதில் உண்மை இருக்கிறது. போர்னியோ ஓராங் ஊத்தானை அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016-இல் 'மிகவும் அருகிவிட்ட' உயிரினமாக அறிவித்தது. காடுகள் தோட்டங்களானது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கரிச்சேற்று நிலங்களின் கதையும் உண்டு. அங்கே மட்காத தாவரப் பொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்கடியில் சேர்ந்து கிடக்கிறது. உயிர்வளி எட்டாததால் நுண்ணுயிரிகளால் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. பயிரிடுவதற்காக நீரை வடித்துவிட்டால் உயிர்வளி உள்ளே புகும், சிதைவு வேகமெடுக்கும், கரியமில வாயு வெளியேறும். காய்ந்த அந்த நிலத்தில் தீப்பிடித்தால் பள்ளியை மூட வைக்கும் புகைமூட்டம் வரும்.

சரி, செம்பனைக்குப் பதிலாகச் சோயா எண்ணெய்க்கு மாறினால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு 3 டன்னுக்கும் மேல் எண்ணெய் தருகிறது. ஒரு ஹெக்டர் சோயா தருவது ஏறத்தாழ அரை டன். அதே அளவு எண்ணெய் வேண்டுமானால் ஆறு மடங்குக்கும் மேல் நிலம் வேண்டும். அந்த நிலம் எங்கிருந்து வரும்? தென் அமெரிக்காவில் சோயாவுக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டுள்ளன. எண்ணெயை மாற்றினால் பிரச்சினை தீராமல் இடம் மட்டும் மாறக்கூடும்.

ஆகவே, எந்த எண்ணெய் என்பதோடு அது எப்படி விளைந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2018 முதல் காடழித்தும் கரிச்சேற்று நிலத்திலும் புதிதாக நடுவதைத் தடை செய்கிறது. நம் நாட்டின் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். ஆர்.எஸ்.பி.ஓ. முத்திரையில் 'மிக்ஸ்ட்' என்ற சொல் இருந்தால், சான்று பெற்ற எண்ணெயோடு சான்று பெறாததும் கலந்திருக்கலாம் என்று பொருள். முத்திரை இருந்தாலே எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் கேள்வி கேட்க அது ஒரு தொடக்கம்.

எண்ணெய்க்குப் பின்னால் ஒரு கை

செம்பனைக் குலையை அறுத்து 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் பழத்திலுள்ள நொதி கொழுப்பைச் சிதைத்து எண்ணெயின் தரத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் தோட்டத்தில் எப்போதும் அவசரம். உயரமான மரத்திலிருந்து, 20 கிலோ வரையிலும் அதற்கு மேலும் எடையுள்ள குலைகளை நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் ஒருவர் அறுத்துத் தள்ளுகிறார்.

1917-இல் கோலசிலாங்கூரில் முதல் வணிகத் தோட்டம் தொடங்கியது. பின்னர் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியபோது, நம் தாத்தா பாட்டிகளில் பலர் அங்கே உழைத்தனர். இன்று அறுவடை வேலையில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2020-இல், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளதாகக் கூறி, இரண்டு மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கா தடை விதித்தது. அவற்றில் ஒன்று தன் நடைமுறைகளைத் திருத்தியதால் 2023-இல் அதன் மீதான தடை நீங்கியது. வாங்குபவர் கேட்டால் விற்பவர் மாறுவார் என்பதற்கு இது சான்று.

சாக்லெட்டிலும் இதே கேள்வி உண்டு. உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்கே கொக்கோ விளையும் பகுதிகளில் ஏறத்தாழ 1.56 மில்லியன் சிறுவர்கள் கொக்கோ வேலையில் குழந்தைத் தொழிலாளர்களாக இருப்பதாக, சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் பலர் உங்களைவிட இளையவர்கள்.

உறையின் அறிவியல்

சிப்ஸ் உறையின் உட்புறம் ஏன் வெள்ளி போல மின்னுகிறது? பாலிப்ரொப்பிலீன் நெகிழியின் மீது மிக மெல்லிய அலுமினியப் படலம் பூசப்பட்டிருக்கிறது. அதன் தடிப்பு, தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஒளி, ஈரம், உயிர்வளி மூன்றையும் அது தடுக்கிறது. உள்ளே நைட்ரஜன் வாயுவை நிரப்புவதும் எண்ணெய் ஆக்சிஜனேற்றமடைந்து சிக்கு வாடை அடிக்காமல் இருக்கத்தான்.

உணவைக் காப்பதில் இந்த உறை கெட்டிக்காரன். ஆனால் அடுக்குகளைப் பிரிப்பது கடினமும் செலவும் ஆனதால், இது மறுசுழற்சிக்குப் போவது மிக அரிது.

இங்கே நீங்கள் படித்த பரப்பளவு, கொள்ளளவு விகிதம் உதவும். 15 கிராம் பொட்டலம் ஒன்று 12 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் சேர்த்து 384 சதுர செ.மீ. நான்கு பொட்டலங்களுக்கு 1,536. அதே 60 கிராம், 18க்கு 25 செ.மீ. அளவுள்ள ஒரே பொட்டலத்தில் இருந்தால் 900 சதுர செ.மீ. போதும். ஏறத்தாழ 40 விழுக்காடு நெகிழி குறைகிறது. நான்கு நண்பர்கள் ஒரு பெரிய பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டாலே இது நடந்துவிடும்.

கச்சாங் பூத்தே கணக்கு

ஈப்போ புந்தோங் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கச்சாங் பூத்தே. கடலையும் பட்டாணியும் அவரை இனப் பயிர்கள். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் நைட்ரஜன் உரம் குறைவாகவே தேவைப்படும். நிறுத்து விற்கும் கடையில் உங்கள் சொந்தப் புட்டியை நீட்டி வாங்கினால் உறையும் மிச்சம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கொண்டைக்கடலை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. முறுக்கையும் பக்கோடாவையும் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். குறையே இல்லாத தீனி என்று எதுவும் இல்லை. எண்ணெயில் பொரிக்காமல் வறுத்த கடலை, அவித்த கடலை, உள்ளூர் வாழைப்பழம் ஆகியவை குறை குறைந்தவை. (நண்பருக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுப் பகிருங்கள்.)

செய்து பாருங்கள்

1. ஒரு வாரம் வகுப்பில் சேரும் தீனி உறைகளைத் துடைத்துச் சேகரித்து எடை போடுங்கள். எத்தனை உறைகளில் உட்புறம் வெள்ளிப் படலம் உள்ளது என்று எண்ணுங்கள்.
2. ஒவ்வோர் உறையிலும் எந்த எண்ணெய், எந்தச் சான்றிதழ் முத்திரை என்று அட்டவணைப்படுத்துங்கள்.
3. மறுவாரம் பகிர்ந்து உண்ணுதல், சொந்தப் புட்டி ஆகிய இரண்டை மட்டும் கடைப்பிடித்து மீண்டும் எடை போடுங்கள். எத்தனை விழுக்காடு குறைந்தது?
4. முடிவை எழுதிச் சிற்றுண்டிச்சாலை நடத்துநரிடம் மரியாதையுடன் கொடுங்கள். அவர் என்ன மாற்றம் செய்ய முடியும் என்று கேளுங்கள்.

அந்த மாணவனுக்கு நான் அடுத்த நாள் சொன்ன பதில் இதுதான்: "உன் அப்பாவின் வேலையில் தப்பு இல்லை. காட்டை அழிக்காமல், உழைப்பவருக்கு நியாயமான சம்பளம் கொடுத்து அந்த எண்ணெய் வருகிறதா என்று கேட்காமல் நாம் வாங்குவதுதான் தப்பு." அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ அந்தச் சான்றிதழ் எங்க தோட்டத்துக்கு இருக்கான்னு அப்பாகிட்ட கேக்குறேன் டீச்சர்" என்றான்.

மாணவர்களே, நீங்களும் அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்.