ஈரல் அழற்சியும் தோலில் தோன்றும் அறிகுறிகளும்

செங்கண்மாரி என்றதும் மாணவர்களுக்கு மஞ்சள் நிறக் கண்களே நினைவுக்கு வரும். ஆனால் வளர்ந்தோர் சிலரில் இந்நோய் முதலில் தோலிலேயே தெரிகின்றது.

ஈரல் அழற்சி பி வைரசினால் நோயுறுவோரில் ஒரு பகுதியினருக்கு, கண் மஞ்சளாவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்னரே உடலில் கடியுடன் செந்தடிப்புகள் எழும். மூட்டுகள் நோகும், இலேசான காய்ச்சலும் இருக்கலாம். வைரசு என்றால் என்னவென்றே அறியப்படாத 1843 இல், அயர்லாந்து மருத்துவர் ரொபேர்ட் கிரேவ்ஸ் இத்தொடர்பைக் குறித்து வைத்தார்.

காரணம் யாது? வைரசின் மேற்பரப்புப் புரதம் குருதியில் பெருகும்போது உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றது. இரண்டும் பிணைந்து உண்டாகும் சிக்கல்கள் தோலிலும் மூட்டிலும் உள்ள நுண்ணிய குருதிக் கலன்களில் படிந்து அழற்சியை ஏற்படுத்துகின்றன. எனவே தடிப்பைத் தொடுவதால் நோய் தொற்றாது. குருதி, உடற்பாய்பொருள்கள், பாலுறவு, பிரசவத்தின்போது தாயிலிருந்து சேய் என்பனவே தொற்றும் வழிகள்.

ஆபத்து இங்கேதான் உள்ளது. கந்தளாயில் வயலில் நின்று வருபவருக்கு உடம்பு கடித்தால் புல் பட்டது, கிருமிநாசினி பட்டது என்றே எண்ணுவர். கடிக்குளிசை போடுவர். செங்கண்மாரி தோன்றும் வேளையில் தடிப்பு பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்; குணமாகிவிட்டது என நினைப்பர். அவ்வேளையிலும் அவரது குருதியில் வைரசு உண்டு. அவருடைய சவர அலகை மகன் எடுத்துப் பாவிக்கலாம். தடிப்புடன் மூட்டுநோவும் கடும் நிறச் சிறுநீரும் சேர்ந்தால் ஈரலைச் சந்தேகித்துக் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். கீழ்க்காய்நெல்லி குடித்துக் காத்திருப்பது போதாது.

இலங்கையில் பி தடுப்பூசி 2003 இலேயே குழந்தைகளுக்கான திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவே உங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு உங்கள் பெற்றோர் பலருக்குக் குழந்தைப் பருவத்தில் கிடைக்கவில்லை.

1989 இல் இனங்காணப்பட்ட சி வைரசு வேறுவிதமானது. நாட்பட்ட தொற்றுள்ள சிலரின் கால்களில், அழுத்தினாலும் மறையாத ஊதாநிறப் புள்ளிகள் தோன்றும். இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் இப்போதுள்ள மாத்திரைகளால் பெரும்பாலானோரைக் குணப்படுத்தலாம்.

2009 இல் வவுனியா செட்டிகுளம் முகாம்களில் பரவியது ஏ வகை. அது அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவது, அதில் தடிப்பு அரிது.

கவனிக்க: பித்தம் தடைப்படுவதால் தடிப்பின்றியே உடல் கடிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

பயிற்சி வினா: ஈரல் அழற்சி பி நோயில் தோன்றும் தோல் தடிப்பு ஏன் தொடுகையால் தொற்றுவதில்லை என விளக்குக. (4 புள்ளிகள்)