செத்தாரா என்னும் சிற்றூர்

இத்தாலியின் தென்பகுதியில், சலேர்னோவுக்கும் அமால்ஃபிக்கும் இடையே செத்தாரா என்னும் மீனவர் ஊர் உள்ளது. அமால்ஃபிக்கு விரையும் பயணியர் பலர் இங்கு இறங்குவதில்லை. தனியே இறங்குபவர் கடலோரத்தில் பழைய காவற்கோபுரத்தையும் மீன்பிடி படகுகளையும் காண்பார்.

இவ்வூரார் நெத்திலி மீனையும் உப்பையும் மரத்தொட்டியில் அடுக்கி, மேலே கல்லை ஏற்றிப் பல மாதங்கள் வைப்பர். அதிலிருந்து சொட்டும் சாறு ‘கொலத்துரா’ எனப்படும். கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவில் அதனை ஸ்பகெட்டியில் கலந்து உண்பர். 2020 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

தனிவழிப் பயணிக்குப் பேச்சே துணை. ‘புவோன்ஜோர்னோ’ என அவ்வூர் மொழியில் முகமன் கூறுபவர், அச்சாற்றின் செய்முறையைக் கேட்டறியவும் வழி பிறக்கும்.

சொற்பொருள்: முகமன் – வரவேற்புச் சொல், நலம் கூறும் சொல்.
வினா: கொலத்துரா எவ்வாறு செய்யப்படுகிறது?