சாதிச் சான்றிதழைக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஆதிச்சநல்லூர் பக்கம். அப்பா வாழைத்தோட்டக் கூலி. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது எழுதியிருக்கிறேன். நல்ல மார்க் வரும். தோழியின் தாத்தா, "பரம்புல கெடைச்ச மண்டையோட்டுலயே பல இனம் இருக்கு. இனத்துக்கு இனம் புத்தி வேற. இத்தனை வருஷம் சலுகை கொடுத்தும் முன்னேறினாங்களா?" என்கிறார். எஸ்.சி. சான்றிதழ் கொடுக்காமல் பொதுப்பிரிவில் சேர்ந்தால்தான் மரியாதை என்கிறாள் தோழி. என்ன செய்யட்டும், அய்யா?
- மாணவி, ஸ்ரீவைகுண்டம் வட்டம்

பதில்: தயங்காமல் கொடுங்கள், அம்மா. தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு. மீதி 31 எந்தச் சாதிக்கும் பங்கு பிரித்துக் கொடுத்ததல்ல. எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் மதிப்பெண்ணை வைத்துப் போட்டியிடும் இடம். உங்கள் மதிப்பெண் அதற்கு எட்டினால், சான்றிதழ் கொடுத்திருந்தாலும் பொது இடத்திலேயே சேர்ப்பார்கள். எட்டாவிட்டால் எஸ்.சி. இடம் இருக்கிறது. கொடுக்காமல் விட்டால் உங்களுக்கு உரிய ஒரு வாசலை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள். இதில் மரியாதை எங்கே வருகிறது?

மண்டையோட்டுக் கதைக்கு வருகிறேன். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், அந்தக் காலத்தில் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த மேட்டில், தோண்டினார். கிடைத்தவற்றில் சில மண்டையோடுகளை ஆராய்ந்து உடற்கூற்றியலாளர் சுக்கர்மன் எழுதியதைச் சென்னை அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டது. மண்டையின் நீள அகலத்தைக் கொண்டு மனிதரை இனம் பிரிப்பது அந்தக் காலத்து வழக்கம். பின்னால் 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின், இரத்த வகை போன்ற மரபுக்கூறுகளைக் கணக்கிட்டார். மனிதருக்குள் உள்ள வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. இனத்துக்கு இனம் வேறு என்ற தாத்தாவின் வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஆதிச்சநல்லூரில் பொன்னாலான நெற்றிப்பட்டமும் கிடைத்தது, ஆனால் எல்லாத் தாழியோடும் அல்ல. யாரிடம் செல்வம் இருந்தது என்பதற்கு அது தடயம். யாருக்குப் புத்தி இருந்தது என்பதற்குத் தாழியில் தடயம் கிடையாது.

"முன்னேறினாங்களா" என்ற கேள்விதான் என்னைச் சுடுகிறது. உங்கள் மாவட்டத்திலேயே கொடியங்குளத்துப் பட்டியல் சாதி மக்கள் முன்னேறினார்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், வளைகுடா நாடுகளில் பாடுபட்டு நல்ல வீடு கட்டினார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் ஊருக்குள் புகுந்தார்கள். டிவி, மின்விசிறி, தையல் மிஷின் எல்லாம் நொறுக்கப்பட்டதையும், பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டதையும் ஊர்மக்கள் சொன்னார்கள். சான்றிதழை ஏன் அழிக்க வேண்டும்? ஏறி வந்த ஏணியை முறிக்கத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இது பழைய கதை மட்டுமல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு பட்டியல் சாதி மாணவனை வேறு சாதிப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. வகுப்பறைக்குள் உட்கார இடஒதுக்கீடு வழி செய்யும். பக்கத்தில் உட்காருகிறவனின் மனசை அது மாற்றாது. அந்த வேலை தாத்தா போன்ற பெரியவர்களுடையது. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இனம், புத்தி என்று பேசுவதை அவர் நிறுத்தினாலே ஒரு தொடக்கம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தானே படித்தீர்கள்? அப்படியானால் மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கும் நீங்கள் தகுதியானவர். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு நெருங்கினால் கூட்டம் தாங்காது.