நீதிமன்றம் விட்டுவிட்டது, வேலை?

ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் “எச்சரித்து விடுதலை” என்று கேட்டதும், மறுநாளே அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கலாம் என்று நினைக்கும் அரச ஊழியர்கள் பலர். அது நடக்காது. தண்டனையை நீக்குவது நீதிமன்றம். வழக்கால் வந்த பணித்தடையை நீக்குவது உங்கள் ஒழுக்காற்று அதிகாரி. இரண்டும் தனித்தனி வழிகள்.

முதலில் அந்த அதிகாரி யார் என்று உறுதிப்படுத்துங்கள். நெடுந்தீவில் மாகாணப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியர் மாகாண அரச சேவையைச் சேர்ந்தவர். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டப்படி அவர் மீதான ஒழுக்காற்று அதிகாரம் ஆளுநருக்கும், அவர் ஒப்படைத்தால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கும் உரியது. வேலணை அல்லது ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்தின் கீழ் வேலை செய்யும் கிராம அலுவலர் மத்திய அரச சேவை. அவருக்கு மேலே இருப்பது அரசாங்க சேவை ஆணைக்குழு. கடிதம் தவறான கந்தோருக்குப் போனால் மாதங்கள் வீணாகும்.

அடுத்தது, உங்களுக்குக் கிடைத்தது எந்த வகை விடுதலை? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், குற்றம் நிரூபணமாகியிருந்தும், வயது, உடல்நிலை, முன்நடத்தை, குற்றத்தின் சிறுமை போன்றவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்புப் பதியாமலே நீதவான் எச்சரித்தோ பிணை முறியில் கையெழுத்து வாங்கியோ விடலாம். கவனியுங்கள்: தீர்ப்புப் பதியப்படவில்லை, ஆனால் குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டது. அதை வைத்தே அலுவலகம் தன் விசாரணையை நடத்த முடியும். 303ஆம் பிரிவின் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை இன்னும் பாரமானது. சிறைக்குப் போகவில்லை என்றாலும் அது முழுமையான குற்றத்தீர்ப்பு. முற்றாக விடுவிக்கப்பட்டவர்கூட அலுவலக விசாரணையிலிருந்து தப்பினார் என்றில்லை, ஏனெனில் அங்கு கேட்கப்படும் நிரூபணத்தின் அளவு குறைவு.

தீவக ஊழியர்கள் அதிகம் அடிபடுவது இதற்கும் முந்திய ஒரு கட்டத்தில். ஒவ்வொரு தவணைக்கும் நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை தாண்டி ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. ஒரு தவணைக்கு ஒரு நாள் லீவு போகும். “குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவம், அலைச்சல் முடியும்” என்று மனம் சொல்லும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதே அலுவலக விசாரணையில் உங்களுக்கு எதிராக முதலில் வைக்கப்படும் சான்று. அபராதம் ஒரு மாதச் சம்பளத்துக்குள் முடியலாம், பின்னால் வரும் அலுவலகத் தண்டனை பதவியையும் ஓய்வூதியத்தையும் தொடலாம். வழக்கறிஞரிடம் நீங்கள் அரச ஊழியர் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். 306ஆம் பிரிவைக் கோரும்போது அவர் நீதவானிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.

சனாதிபதியின் மன்னிப்பு வந்தால்? அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் அதிகாரம் தருகிறது. வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் ஒரு வரியும் அதில் இல்லை. மன்னிப்பு நிலையானது என்றும் நம்ப முடியாது. மரண தண்டனைக் கைதி துமிந்த சில்வா 2021 ஜூனில் மன்னிக்கப்பட்டு, அடுத்த மாதமே தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் தலைவரானார். 2022 மே 31இல் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதிகாரத்துக்கு நெருக்கமானவருக்கு உடனே ஒரு கதிரை கிடைக்கலாம். சாதாரண எழுதுவினைஞருக்கு அப்படிக் கிடைக்காது, அவர் கடிதம் எழுதித்தான் வேலையைக் கேட்க வேண்டும். இந்த வேறுபாடு அநியாயம்.

ஆகவே தீர்ப்பு வந்த கிழமையே நீதிமன்றப் பதிவாளரிடம் அதன் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பிரதி கிடைத்ததும் மீளப் பணியில் அமர்த்தும்படியும், நிறுத்திய சம்பளத்தைப் பற்றி முடிவு தரும்படியும் ஒரே கடிதத்தில், பதிவுத் தபாலில் கேளுங்கள். படிவங்களில் “குற்றவாளியாகக் காணப்பட்டீரா?” என்று கேட்டால் 306ஆம் பிரிவின் விவரத்தை எழுதிப் பிரதியை இணையுங்கள். மறைத்தால் அதுவே புதிய குற்றச்சாட்டாகும்.

முடிவு பாதகமாக வந்தால், மத்திய சேவையினர் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்குப் போகலாம். மாகாண ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவோ நீக்கவோ ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. மாகாண சேவையினர் எழுத்தாணை கேட்க யாழ்ப்பாணத்தில் மாகாண மேல் நீதிமன்றம் இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவுக்கு மட்டும் ஒரு மாதம்தான் காலம், கடிதம் கைக்கு வந்த திகதியைக் குறித்து வையுங்கள்.

அலுவலக விசாரணைத் திகதியில் கடல் மறித்தால், அன்றைக்கே தொலைபேசியில் சொல்லி, காரணத்தை எழுத்திலும் அனுப்புங்கள். அறிவிக்காமல் வராதவரை விட்டுவிட்டு விசாரணையை முடிக்க அவர்களால் முடியும்.